நீலப் பலகை நிற்கும் ஊருக்கும் ஒரு பேருந்து
கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,



இந்த மடல் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் சுற்றுலாச் சுற்றறிக்கை வகுப்பு வகுப்பாகப் போய் வந்திருக்கும். பெயர் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் சீட்டு, பேருந்துக்காரருக்குக் கொடுத்த முன்பணம் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும். பயணத் திட்டமும் அநேகமாகத் தயார்தான். இரவு பத்து மணிக்குப் பள்ளி வாசலில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். வழியில் மரத்தடியில் பொட்டலம் பிரித்து எலுமிச்சை சாதம். மாலையில் பிச்சாவரம் படகு. மறுநாள் மாமல்லபுரம், முதலைப் பண்ணை, கடைசியில் தீம் பார்க்.

பெரிய கோயில் எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டால், "பெருசா இருந்துச்சு" என்பதோடு பதில் முடிந்துவிடும். நீர்ச்சறுக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை. உங்கள் மேலும் பெரிதாக இல்லை. ஐம்பது பேரை இறக்கி, தலை எண்ணி, செருப்பு விட்ட இடத்தை நினைவில் வைத்து, வாந்தி எடுத்தவளுக்கு முகம் கழுவிவிட்டு, வழிதவறிய ஒருவனைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடுகிறது. ராஜராஜனே வழிகாட்டியாக வந்தாலும் அதற்குள் நந்தியைத் தாண்டியிருக்க மாட்டார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். இந்த ஆண்டு ஒரே ஒரு பேருந்தையாவது பக்கத்து ஊருக்கு விடுங்கள். பள்ளியிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் எங்கேயோ ஒரு நீலப் பலகை நின்றுகொண்டிருக்கும். வெள்ளை எழுத்தில், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கும். 2010-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் இப்படிப்பட்ட சின்னங்கள் 400-க்கும் மேல். மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியல் தனி.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அங்கே பார்க்க ஆள் இல்லாததால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் மத்திய கலாச்சார அமைச்சகம் ஒரு கணக்கைக் கொடுத்தது. நாடெங்கும் மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்த சின்னங்கள் 3,693. அவற்றில் 50-ஐக் காணவில்லை. 14 சின்னங்களை நகர வளர்ச்சி விழுங்கிவிட்டது. 12 நீர்த்தேக்கங்களுக்குள் போய்விட்டன. மீதி 24 எங்கே என்றே தெரியவில்லை. இதற்கு முன்பே, 2013-இல், தலைமைக் கணக்குத் தணிக்கையர் 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்க்க வைத்தபோது 92 இல்லை என்று தெரிந்தது. தேடித் தேடி அதில் 42-ஐக் கண்டுபிடித்தார்கள். சிலை திருடு போவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே காணாமல் போனவை கல்லறைகள், கோயில்கள், தூண்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான் அல்ல எதுவும்.

2024 மார்ச்சில், இனித் தேடிப் பயனில்லை என்று 18 பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க அரசு முடிவெடுத்தது. அதில் ஒன்று ஹரியானாவின் முஜேசரில் இருந்த கோஸ் மினார். மொகலாயர் காலத்து நெடுஞ்சாலைகளில் ஒரு கோஸ் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்டு வைத்த செங்கல் தூண்கள் இவை. சுமார் முப்பது அடி உயரம் இருக்கும். வழிப்போக்கருக்குத் தூரம் காட்டிய தூண் தானே தொலைந்துவிட்டது. இன்னொன்று தலைநகர் டெல்லியிலேயே இருந்த பாராகம்பா கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையகம் இருக்கும் அதே நகரம்.

காவலுக்கு ஆள் போட வேண்டியதுதானே என்றால், அந்தக் கணக்கும் அதே குழுவின் அறிக்கையில் இருக்கிறது. 3,693 இடங்களில் 248 இடங்களுக்குத்தான் காவலர்களை நியமிக்க முடிந்திருக்கிறது. பணம் போதவில்லை என்பது காரணம். பணம் இன்னும் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் முப்பது அடித் தூண் ஒரே இரவில் மறைவதில்லை. இன்று பத்து செங்கல், அடுத்த மாதம் ஒரு மாட்டுக்கொட்டகைக்கு நூறு செங்கல் என்றுதான் கரையும். அது கரைகிற காலமெல்லாம் அந்த வழியாகத் தினமும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அது என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெயர் பெற்ற இடங்களும் தப்பிவிடவில்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் நிறையப் பேசுகின்றன. 1983-இல் அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ் மகால் என்று நான்கில் தொடங்கியது. 2025 ஜூலையில் செஞ்சியையும் சேர்த்து மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகள் நுழைந்ததோடு இந்தியாவின் கணக்கு 44. இதில் 36 பண்பாட்டுச் சின்னங்கள், 7 இயற்கை இடங்கள், சிக்கிமின் கஞ்சன்ஜங்கா மட்டும் இரண்டும் கலந்தது. பொது அறிவுப் போட்டிக்கு இது போதும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை, பட்டியலில் சேர்ந்த பிறகு நடந்தது. ஹம்பி 1986-இல் சேர்ந்தது. சின்னங்களுக்கு நடுவே துங்கபத்திரை மேல் பாலம் கட்டக் கிளம்பியதால் 1999-இல் "ஆபத்தில் உள்ளவை" என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். 2006 வரை அங்கேயே இருந்தது. பிறகு, 2009-இல், அந்தப் பாலம் கட்டி முடியும் முன்பே இடிந்து ஆற்றில் விழுந்தது தனிக் கதை.

அஸ்ஸாமின் மானஸ் சரணாலயம் 1985-இல் பட்டியலில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பகுதி போடோ கிளர்ச்சியில் கொதித்தது. வனக் காவல் முகாம்கள் எரிந்தன. காண்டாமிருகம் அடியோடு போயிற்று. 1992-இல் இதுவும் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. அமைதி திரும்பிய பிறகு உள்ளூர் இளைஞர்கள் தங்கள் காட்டைத் தாங்களே சுற்றி வரத் தொடங்கினார்கள். வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களே நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுக் காவலுக்கு வந்தார்கள். எந்தத் தடத்தில் எந்த மிருகம் வரும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வேறு காடுகளிலிருந்து காண்டாமிருகங்களைக் கொண்டு வந்து விட்டார்கள். 2011-இல் மானஸ் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் வழியில் அணைக்கரை வரும். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை. மாணவர்கள் சன்னல் வழியாக மதகுகளைப் பார்ப்பார்கள், தண்ணீர் இருந்தால் கூச்சல் போடுவார்கள். 1836-இல் அந்த அணையைக் கட்டியபோது கல் தேவைப்பட்டது. பக்கத்தில் வெட்டிச் செதுக்கித் தயாராக இருந்தது ராஜேந்திர சோழனின் கோயில். மதில் சுவரையும் கோபுரத்தையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். தடுக்கப் போன ஊர் மக்களைத் தண்டித்தார்கள். பெயர்த்த இடத்தில் செங்கல்லில் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னம். 2004-இல் தஞ்சைக் கோயிலோடு சேர்த்து அறிவித்தார்கள். கோயிலைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் கோயிலின் கல் மீதேதான் ஆற்றைக் கடந்து போகிறார்கள். பேருந்தில் அந்தாக்ஷரியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு இதைச் சொன்னால் போதும். அணையும் வேண்டியதுதான், அதன் கீழே வயல்கள் விளைந்தன என்று ஒரு மாணவி எதிர்வாதம் செய்தால் இன்னும் நல்லது.

தஞ்சைக் கோயிலிலும் அண்ணாந்து பார்க்காமல் ஒரு முறை குனிந்து பார்க்க வைக்கலாம். அடித்தளம் முழுக்க எழுத்து. கோயிலில் ஆடவும் பாடவும் ராஜராஜன் கொண்டு வந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எவ்வளவு நெல் என்று வரிசையாகக் கணக்கு. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் அதில் பலர். திருவாரூர்ப் பள்ளியிலிருந்து வரும் ஒரு வகுப்புக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன் தன் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண்ணின் கதவு எண் கல்லில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். 216 அடி உயரம் என்ற எண்ணைவிட அது அதிக நாள் நினைவில் நிற்கும்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் காட்டாமல் அழைத்து வந்துவிட்டால் பாவம். சரி, இது அவசரத்தில் விடுபடுவதுதான். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல ஐம்பது பேரும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளவே நேரம் போதாது.

பக்கத்து ஊரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இரண்டு நூற்றாண்டுக்கு முன் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் நேராகச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போனார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர், இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் அவை. வனவிலங்குச் சட்டம் வர இன்னும் 170 ஆண்டுக்கு மேல் இருந்தது. ஊர்க்காரர்களைப் பறவைப் பிரியர்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. கடம்ப மரங்களில் அடையும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் போடும் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்குப் பாய்கிறது. பறவை வந்தால் விளைச்சல். உழவர் தன் உரத்தைக் காப்பாற்றிக்கொண்டார். கூடவே ஒரு சரணாலயம் கிடைத்தது. 1936-இல் அரசு அதை முறையாக ஏற்றது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி இல்லை. மழைக்காலத்தில் கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரண்டு போய்விடும் என்று அந்த ஊர் பல பத்தாண்டுகளாகப் பட்டாசை விட்டுவிட்டது. 1977-இல் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. வெடி வெடிக்காத பிள்ளைகளுக்கு வனத்துறையினர் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று இருந்துவிடுமா? அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உங்கள் பிள்ளைகளிடம் அதைத் தன் வாயால் சொல்லும்போது, பாரம்பரியம் என்ற சொல்லை நீங்கள் விளக்கவே தேவையிருக்காது.

மதுரைக்கு அருகே மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அங்கே கழிஞ்சமலையில் ஒரு குகைத்தளம். நெற்றியில் தமிழி, அதாவது தமிழ் பிராமி, எழுத்து வெட்டியிருக்கிறது. வயது சுமார் 2,200 ஆண்டு. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்வித்துக் கொடுத்தார் என்பது செய்தி. அது இன்றைய திருநெல்வேலியா, வேறு ஊரா என்று மாணவர்கள் சண்டை போடட்டும். அதே மலையில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்துச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. மலையின் அன்றைய பெயர் திருப்பிணையன் மலை, திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி, அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது. இந்தக் கடைசிச் செய்தியைப் பிள்ளைகளை இரண்டு முறை படிக்க வைக்க வேண்டும். சிற்பத்தை வடித்த கையோடு, இன்ன ஊர்க்காரர் இதைப் பார்த்துக்கொள்வார் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீலப் பலகைக்கு ஆயிரம் ஆண்டு மூத்த பலகை அது. அதில் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. ஓர் ஊரின் பெயர் மட்டும் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அங்கே பாசுபத சைவர்கள் போற்றும் லகுலீசரின் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் அது அரிது. சுற்றிலும் ஏழு மலை. மலையில் விழும் மழை சுனையாகக் கசிந்து குளங்களுக்குப் போகிறது. பாறை விளிம்புகளில் லகர் வல்லூறும் ராஜாளியும் கூடு வைக்கின்றன. 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பாறை இருப்பதால் நீர், நீர் இருப்பதால் வயல், பாறை உயரம் என்பதால் வல்லூறு, குளிர்ச்சி என்பதால் குகையில் துறவியின் கற்படுக்கை. பண்பாட்டுச் சின்னம், இயற்கைச் சின்னம் என்று அரசு கோப்புகளில் இரண்டு அலமாரி. இங்கே ஒரே மலை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டு. 2024 நவம்பரில் இதே நிலத்தையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. அறிவிப்புப் பலகை இருந்தது, சட்டம் இருந்தது. ஏலத்தை அவை தடுக்கவில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் பெருந்திரளாக மதுரை வரை நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த ஊர்கள் கிரானைட் குவாரிகளை ஏற்கெனவே கண்டவை. பக்கத்து மலைகள் கட்டியாக அறுபட்டு லாரியில் போனதைப் பார்த்தவர்களுக்கு, அடுத்தது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பாதிரிக்குடியாரின் வேலை இன்னும் முடியவில்லை போலும்.

அழைத்துப் போவதென்று முடிவு செய்தால் சில நடைமுறை விஷயங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். அரை நாள் அங்கேயே இருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் மந்தையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு மலையேறுங்கள். அவர்களில் ஒருவர் கூடவே வந்தால் உங்களுக்கு வழிகாட்டிச் செலவு மிச்சம், பிள்ளைகளுக்குக் கதை லாபம். பாறை இடுக்கில் மலைத்தேனீ இருக்கும். கத்தக் கூடாது, வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வரக் கூடாது என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். கரித்துண்டையும் சுண்ணாம்புக் கட்டியையும் ஆணியையும் பேருந்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலில் தாமரைக் குளம் ஓவியத்தை இன்று கம்பிக் கதவு போட்டுப் பூட்டிப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. சமணர் படுக்கைகள் பலவற்றில் தமிழிக்குப் பக்கத்திலேயே காதலர் பெயர்களும் பத்தாம் வகுப்புப் பிரிவு எண்களும் கிறுக்கிக் கிடக்கின்றன. அவை பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்களின் கைவண்ணம் என்பதை மறைத்துப் பேச முடியாது. பென்சிலும் நோட்டும் கொடுங்கள். தமிழி எழுத்தைப் பார்த்து எழுதட்டும். தங்கள் பெயரையும் தமிழியில் எழுத ஆசைப்படுவார்கள். நோட்டில் எழுதட்டும்.

செலவுக்கணக்குப் பார்க்கும் தலைமையாசிரியருக்கு ஒரு வரி. கட்டணம் வாங்கும் மத்திய தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. அரிட்டாபட்டி போன்ற இடங்களில் சீட்டுக் கொடுக்கும் கூண்டே கிடையாது. நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அதற்கென்று பள்ளிகள் சுவரொட்டிப் போட்டி வைப்பது வழக்கம்தான். அந்த வாரத்தில் ஒரு நாள் போதும்.

தீம் பார்க்கை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடலாம். மதுரையிலிருந்து அரிட்டாபட்டிக்குச் சுமார் 25 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால், கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தை ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் சாப்பிட்டுவிட்டு, பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
பெரிய கோயிலைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்த முன்னாள் மாணவர்களில் ஒருவர்